விழுந்த பயில்வான்

சூலூர்ப் பெரிய குளத்தின் கரைமேல் மாலையில் காற்று வாங்க வருகிறவர்களுக்கு என்னைத் தெரியும். நாவல் எழுதுகிறவன் என்று தெரியும் என்று நினைத்துவிட வேண்டாம். வெயிலானாலும் மழையானாலும் குடையோடு போகிற மனிதர் என்ற அளவில் தெரியும். எப்போதாவது ஒருவருக்கு மற்ற விஷயமும் தெரிந்துவிடுகிறது. அப்படித் தெரிந்துகொண்ட வாலிபர் ஒருவர் சென்ற ஆண்டு ஒரு பெரிய காகிதக் கட்டுடன் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

“நாவல் ஒண்ணு எழுதியிருக்கேனுங்க ஐயா. படிச்சுப் பாத்துட்டு, நல்லாருக்குதா இல்லீங்களான்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னாப் போதுமுங்க” என்றார்.

ஒரே வார்த்தையில் அபிப்பிராயம் சொல்லிவிடக்கூடிய நாவல்கள் எத்தனையோ உண்டு. அந்த ஒரு வார்த்தையை நேரில் சொல்ல முடியாது என்பதுதான் சங்கடம். இந்த நாவல் அந்த ஜாதியைச் சேர்ந்ததல்ல. விசைத்தறிக் கொட்டகையில் வளர்ந்த ஒரு பையன், வாட்டசாட்டமான உடம்பு. விமானப்படைத் தளத்தின் மதிலோரமாக ஓடிப் பழகி, ராணுவத்தில் சேர்ந்து, அங்கே கையுறை மாட்டி, ஹெவி வெயிட் குத்துச்சண்டைக்காரன் ஆகிறான். ஜெயிக்கிறான். பிறகு தோற்கிறான், மறுபடியும் தோற்கிறான், மூன்றாவது தடவை தோற்றபின் ஊருக்கு வந்து குடிக்கிறான். இதுவரை சுமார் 260 பக்கம். நன்றாகவே இருந்தது. தறிச் சத்தத்துக்கு மேலே குரலெழுப்பிப் பேசிப் பழகிய குடும்பம், தறி நின்ற நேரத்தில் மெல்லப் பேசத் தெரியாமல் திண்டாடுவதை அவர் எழுதியிருந்த விதத்தைப் பார்த்து, இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று பொறாமைகூடப் பட்டேன்.

அதற்கப்புறம் நாற்பது பக்கம். ஒரு விடியற்காலையில் கதாநாயகன் தாயார் அழுவதைப் பார்க்கிறான். குடத்துத் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொள்கிறான். குளத்தைச் சுற்றி ஓடுகிறான். ஒரு அத்தியாயம் முழுதும் ஓடுகிறான். அடுத்த அத்தியாயத்தில் டில்லி; அதற்கடுத்ததில் தங்க மெடல். அந்த நாற்பது பக்கங்களையும் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

அவருக்கு முகம் வாடிவிட்டது. “சினிமாவுல எல்லாம் அப்படித்தானுங்களே வருது?” என்றார்.

நியாயமான கேள்வி. அதற்கு உடனே பதில் சொல்ல முடியாமல் போனதால்தான் இந்தக் கட்டுரை.

அவர் நினைத்த சினிமா எது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. பா. இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ கொரோனாக் காலத்தில், கொட்டகைக்குப் போகாமல் 2021 ஜூலையில் நேரே வீட்டுக்குள் வந்த படம். எங்கள் வீட்டுக் கூடத்தில் நானும், பக்கத்து வீட்டு அண்ணனும், இரண்டு வீட்டுப் பிள்ளைகளுமாக உட்கார்ந்து பார்த்தோம். அண்ணன் எழுபதைத் தாண்டியவர். இளம் வயதில் சிலம்பம் சுற்றியவர். நாற்பது வருஷமாகத் தறிகளுக்குப் பாவு பிணைக்கிறவர். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

படம் வடசென்னையில் 1975-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்குகிறது. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் கபிலனுக்குக் குத்துச்சண்டை என்றால் உயிர். தாய்க்கு அந்தப் பெயரே ஆகாது. புருஷன் கையுறை மாட்டினான், அதிலிருந்து ரௌடியானான், கொலையுண்டு செத்தான். பிள்ளையும் அந்த வழியில் போவானோ என்று அவளுக்குப் பயம். அவன் தூரத்தில் நின்று ரங்கன் வாத்தியாரைப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொள்கிறான். முதல் பாதியின் பொறுமை அபாரமானது. அந்த டான்ஸிங் ரோஸ் சண்டையைப் பாருங்கள். எதிரி மேடையில் ஆடுகிறான், வழுக்குகிறான், கேலி செய்கிறான். கபிலன் அடி வாங்குகிறான், ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கால்களின் கணக்கு அவனுக்குப் பிடிபடுகிறது. ஒரு மனிதன் கற்றுக்கொள்வதை நம் கண்ணெதிரே காட்டுவது கதை சொல்கிறவனுக்கு மிகக் கஷ்டமான காரியம். ஜெயிப்பதைக் காட்டுவது சுலபம்.

வேம்புலியோடு நடக்கும் சண்டையில் கபிலன் கை ஓங்கி நிற்கிறபோது கலகக்காரர்கள் மேடையேறி அவனை நிர்வாணமாக்கி அவமானப்படுத்துகிறார்கள். நெருக்கடி நிலை, ஆட்சிக் கலைப்பு, வாத்தியார் கைது என்று வெளியுலகமும் அதே நேரத்தில் சரிகிறது. பிறகு ஜெயில், கள்ளச்சாராயம், தொந்தி. இந்த வீழ்ச்சியும் நன்றாகச் செய்யப்பட்டதுதான். குத்துச்சண்டையில் தோற்று விழுந்தவன் அல்ல இவன், தோற்கடிக்கப்படாமலே விழுந்தவன். அந்த வித்தியாசத்தைப் படம் அறிந்திருக்கிறது.

எழுந்திருக்கும் இடம்தான் அவசரம். சண்டையே கூடாது என்று இருந்த தாயே மனம் மாறி மகனை மறுபடி மேடைக்குப் போகச் சொல்கிறாள். அந்த மாற்றம் ஒன்றே ஒரு தனி நாவலுக்குப் போதும். கபிலன் பீடி ராயப்பனிடம் போகிறான்; கடலோரத்தில் பயிற்சி; அலை, மணல், பாட்டு. பாட்டு முடிவதற்குள் தொந்தி கரைந்துவிடுகிறது. என் பக்கத்திலிருந்த அண்ணன் அந்த இடத்தில் சிரித்தார். “ஏனுங் தம்பி, இத்தன நாள் குடிச்ச ஒடம்பு ஒரு பாட்டுல சரியாப் போச்சுங்களா?” என்றார். அது கோபத்தில் வந்த சிரிப்பல்ல. தொழில் தெரிந்தவனின் சிரிப்பு.

இயக்குநர் பக்கம் ஒரு நியாயம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். வடசென்னையின் பரம்பரை முறையில் சண்டைக்காரனின் மானம் அவனுடைய சொத்தல்ல, பரம்பரையின் சொத்து. சின்ன ஆளோடு மோதிப் பழகி, அடுத்து நடுத்தர ஆளோடு மோதி, மெள்ள மேலேறி வருவதற்கு அங்கே இடமில்லை. யாரோடு மோதினாலும் சார்பட்டா மோதுகிறது, இடியாப்ப நாயக்கர் பரம்பரை மோதுகிறது என்றுதான் கணக்கு. ஆகவே விழுந்தவன் எழுந்தால் ஒரே தாவலில் வேம்புலி முன்னால்தான் நிற்க வேண்டும். இதைப் படம் ஒரு கஷ்டமாகக் காட்டியிருந்தால் அது பெரிய படமாகியிருக்கும். வசதியாக எடுத்துக்கொண்டுவிட்டது.

அமெரிக்க ‘ராக்கி’ (1976) இந்தக் கதைகளுக்கெல்லாம் பெரியப்பா. பிலடெல்பியாவின் பொருட்காட்சிசாலைப் படிகளில் அந்தக் கதாநாயகன் ஓடி ஏறியதை எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். கடைசிச் சண்டையில் அவன் புள்ளிக் கணக்கில் தோற்றுப் போகிறான் என்பதைப் பத்தில் எட்டுப் பேர் மறந்துவிட்டார்கள். பின்னால் வந்த கதாசிரியர்களும் மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. படிக்கட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

சரி, நிஜத்தில் விழுந்த பயில்வான் எப்படி எழுகிறான்? நம் வாலிபருக்காக நான் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். ஹெவி வெயிட் என்பது இன்றைய தொழில்முறைச் சண்டையில் சுமார் 90 கிலோவுக்கு மேற்பட்ட உடம்புகளின் வகுப்பு. மேலே எல்லை கிடையாது. மற்ற வகுப்புகளில் வேகம் போனால் எல்லாம் போச்சு. இங்கே கால் முதலில் போகும், குத்து கடைசியில்தான் போகும் என்று அந்தத் தொழிலில் சொல்லிக்கொள்வார்கள். அதனால்தான் விழுந்து எழுந்தவர்களின் கதை இந்த வகுப்பில் அதிகம். எழப் பார்த்து நொறுங்கியவர்களின் கதை அதைவிட அதிகம்.

உலக ஹெவி வெயிட் பட்டத்தை இழந்து திரும்பப் பெற்ற முதல் மனிதர் பிளாய்ட் பாட்டர்ஸன். 1959 ஜூன் 26-ஆம் தேதி ஸ்வீடன் தேசத்து இங்கமார் யொஹான்ஸன் அவரை மூன்றாவது சுற்றில் ஏழு தடவை தரையில் விழத்தட்டினார். ஏழு தடவை! பாட்டர்ஸன் கூச்ச சுபாவமுள்ளவர். தோற்றபின் வெகுநாள் மனிதர் முகத்தில் விழிக்கவே வெட்கப்பட்டு அடைந்து கிடந்தார். சரியாக ஒரு வருஷத்துக்கு ஆறு நாள் குறைவாக, 1960 ஜூன் 20-ஆம் தேதி, அதே எதிரியை ஐந்தாவது சுற்றில் இடது கை வீச்சால் சாய்த்தார். யொஹான்ஸன் நினைவின்றிக் கிடக்கிறார். ஒரு பாதம் மட்டும் துடிக்கிறது. பாட்டர்ஸன் கொண்டாட்டத்தின் நடுவே அவர் அருகில் மண்டியிட்டுத் தாங்கிக்கொண்டார். அந்த ஒரு காட்சிக்கு ஈடான காட்சி எந்தச் சினிமாவிலும் நான் பார்த்ததில்லை. ஏழு தடவை விழுந்தவனுக்குத்தான் தரை எப்படி இருக்கும் என்று தெரியும்.

கதாசிரியன் இங்கே முற்றுப்புள்ளி வைத்துவிடுவான். வாழ்க்கை வைக்கவில்லை. 1962 செப்டம்பரில் ஸானி லிஸ்டனோடு மோதப் போனபோது பாட்டர்ஸன் முன்கூட்டியே ஒரு பொய்த் தாடியும் மீசையும் வாங்கி வைத்துக்கொண்டு போனார். தோற்றால் யாருக்கும் தெரியாமல் தப்பிப் போக! முதல் சுற்றிலேயே தோற்றார்; தாடியை ஒட்டிக்கொண்டு வெளியேறினார். அடுத்த வருஷம் மறுபடி அதே லிஸ்டன், மறுபடி முதல் சுற்று. ஒருமுறை எழுந்தவனுக்கு எழும் வித்தை கைவந்துவிட்டது என்று அர்த்தமில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். விழுமுன்பே தாடி வாங்கிவைத்த அந்த மனத்தை எழுத யாராவது முன்வந்தால் நான் காசு கொடுத்து வாங்கிப் படிப்பேன்.

இன்னொருவர் ஜார்ஜ் போர்மன். இவர் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏனென்றால் நம் வாலிபர் தாண்டிக் குதித்த நாற்பது பக்கங்கள் முழுவதும் இவரிடம் இருக்கின்றன. 1974 அக்டோபர் 30-ஆம் தேதி ஆப்பிரிக்காவில், கின்ஷாஸா நகரத்தில், 25 வயதுப் போர்மன் முகம்மது அலியிடம் எட்டாவது சுற்றில் விழுந்து பட்டத்தை இழந்தார். 1977-இல் ஜிம்மி யங் என்பவரிடம் புள்ளிக் கணக்கில் தோற்றார். அன்றே மேடையை விட்டுப் போய் மதப் பிரசாரகர் ஆகிவிட்டார். பத்து வருஷம். ஹூஸ்டன் நகரத்தில் பிள்ளைகளுக்காக ஒரு நிலையம் நடத்தினார். அதற்குப் பணம் வேண்டியிருந்தது. 1987 மார்ச்சில், 38 வயதில், சுமார் 121 கிலோ உடம்போடு மறுபடி மேடையேறினார். கின்ஷாஸாவில் அவர் எடை ஏறக்குறைய 100 கிலோ என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் காட்சி சரியாகத் தெரியும்.

பத்திரிகைகள் சிரித்தன. அவர் மோதியது யாரோடு? பெரும்பாலும் ஊர் பேர் அறியாத ஆட்களோடு, சின்ன ஊர்களில். தொடர்ந்து 24 சண்டை, 24-இலும் ஜயம். மாவு மூட்டைகளை அடித்து விழத்தட்டுகிறார் என்று கேலி செய்தார்கள். ஆனால் அந்த 24 சண்டைகள்தான் விஷயம். பழைய போர்மன் முரட்டு வேகத்தில் இரண்டு மூன்று சுற்றில் எதிரியை முடித்துவிடுகிறவர். முடிக்காவிட்டால் மூச்சு வாங்கும். கின்ஷாஸாவில் அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு அடிகளையெல்லாம் கையில் வாங்கி அவரைக் களைப்பாக்கித்தானே ஜெயித்தார்? புதிய போர்மன் மெதுவாக நடந்தார். மூச்சைச் சில்லறைக் காசு போல எண்ணிச் செலவழித்தார். இடது கையை நீட்டி நீட்டிக் குத்திக்கொண்டே நின்றார். சுற்றுகளுக்கு இடையே மற்றவர்கள் முக்காலியில் உட்கார, இவர் நின்றுகொண்டே இருப்பார். எந்தக் காரணத்தால் தோற்றாரோ அந்தக் காரணத்தையே எடுத்துவைத்துக்கொண்டு பத்து வருஷம் கழித்துப் பதில் எழுதினார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியும் உடனே பட்டம் வந்துவிடவில்லை. 1991-இல் இவாண்டர் ஹோலிபீல்டிடம் தோற்றார். 1993-இல் டாமி மாரிஸனிடம் தோற்றார். இரண்டும் புள்ளிக் கணக்கில். அதற்கப்புறம் 1994 நவம்பர் 5-ஆம் தேதி, லாஸ் வேகாஸில், 45 வயதுக் கிழவர் 26 வயது மைக்கேல் மூரர் எதிரே நின்றார். இருபது வருஷத்துக்கு முன் கின்ஷாஸாவில் அணிந்த அதே சிவப்புக் கால்சட்டை. மூலையில் அவருக்கு யோசனை சொல்ல நின்றவர் ஆஞ்சலோ டண்டி. கின்ஷாஸாவில் அலியின் மூலையில் நின்ற அதே டண்டி! தன்னை விழத்தட்டிய கட்சியின் மந்திரியைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டு நிற்கிறார். ஒன்பது சுற்று வரை எல்லாக் கணக்கிலும் மூரர்தான் முன்னே. பத்தாவது சுற்றில் ஒரு சின்ன வலது கைக் குத்து, தாடையில், முடிந்தது. அந்தக் கால்சட்டை, அந்த டண்டி, அந்த நிற்றல் இவற்றையெல்லாம் நாவலாசிரியன் கற்பித்து எழுதியிருந்தால், ‘ரொம்ப ஜோடிக்கிறான்’ என்று விமரிசகர்கள் திட்டியிருப்பார்கள். போர்மன் 2025 மார்ச்சில் காலமானார். இறைச்சி வாட்டும் மின்சார அடுப்பு ஒன்றுக்குத் தம் பெயரைக் கொடுத்துக் குத்துச்சண்டையில் சம்பாதித்ததைவிட அதிகம் சம்பாதித்தார் என்பது வேறு கதை.

இதையெல்லாம் பக்கத்து வீட்டு அண்ணனிடம் சொன்னேன். அவர் அப்போது ஒரு கொட்டகையில் தறிமுன் குந்தி உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். விசைத்தறியில் பாவு நூல் தீர்ந்துபோனால் புதுப் பாவை ஏற்றி, பழைய பாவின் ஒவ்வொரு இழை முனையிலும் புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். அதுவரை தறி சத்தமில்லாமல் நிற்கும்.

“அதுதானுங் தம்பி நெசம். பாவு தீந்து போச்சுன்னு தறிய ஒடைக்கறதில்லீங்க. அச்சுல கெடக்கற பழைய நூல உருவி வீசறதுமில்லீங்க. அந்தப் பழைய மொனையிலதான் புதுசப் பிணைக்கோணும். ஒவ்வொரு எழையாத்தான். அவசரத்துல ரண்ட சேத்து முறுக்கிப் போட்டா அப்பத் தெரியாதுங்க, தறி ஓடறப்பத் தெரியும்” என்றார். கை வேலையை விடவில்லை.

விமரிசகனுக்கு இப்படி ஒரு பக்கத்து வீடு வாய்த்தால் பாதி வேலை மிச்சம். நம் வாலிபரும் தறிக் கொட்டகையில் பிறந்தவர்தான். இந்தக் காட்சியைத் தினமும் பார்த்து வளர்ந்தவர். அதை விட்டுவிட்டு குளத்தைச் சுற்றி ஓடவிட்டாரே என்பதுதான் என் வருத்தம்.

ஓட விட்டால் என்ன குடி முழுகிவிடும், கதைதானே, என்று வாசகர்கள் கேட்கலாம். எனக்கும் ஒரு காலத்தில் அந்த எண்ணம் இருந்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன் நான் எழுதிய ஒரு நாவலில் நொடித்துப்போன வியாபாரி ஒருவனை ஒரே அத்தியாயத்தில் தூக்கி நிறுத்தியிருக்கிறேன். அப்போது பாராட்டுக் கடிதங்கள் வந்தன. ஒரு கடிதத்தில் மட்டும், “அந்த அத்தியாயத்தை நம்பி நானும் கடன் வாங்கினேன்” என்று ஒருவர் எழுதியிருந்தார். கோபமில்லாத கடிதம். இன்னும் வைத்திருக்கிறேன்.

மனம் வைத்தால் போதும், கோபம் வந்தால் போதும், உடம்பு பின்னால் வந்துவிடும் என்ற கதையைச் சண்டைக்காரர்களே நம்பிவிடுகிறார்கள். ஜோ லூயியைவிடப் பெரிய சாம்பியன் உண்டா? பட்டத்தோடு விலகியவர், வரிப் பாக்கி கழுத்தை நெரிக்க 1950-இல் திரும்பி வந்து எஸ்ஸார்ட் சார்ல்ஸிடம் தோற்றார். 1951 அக்டோபரில் ராக்கி மார்ஸியானோ எட்டாவது சுற்றில் அவரைக் கயிற்றுக்கு வெளியே தள்ளி முடித்தார்.

அலியின் கதை நமக்கு இன்னும் கிட்டத்தில் நடந்தது. யுத்தத்துக்குப் போக மறுத்ததால் 1967-இல் பட்டம் பறிக்கப்பட்டு, மூன்றரை வருஷம் மேடையின்றிக் கழித்து, 1970-இல் திரும்பி வந்த அலியை எல்லாரும் புகழ்கிறார்கள். புகழ வேண்டியதுதான். ஆனால் திரும்பி வந்தவருக்குப் பழைய கால்கள் இல்லை. எதிரியின் கை தொடாமல் நழுவுகிறவராக இருந்தவர், அடியைத் தாங்கி ஜெயிக்கிறவரானார். அதுவும் ஒரு புதுப் பாவுதான், விலைதான் அதிகம். 1979-இல் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று அறிவித்தார். 1980-இல் இந்தியாவுக்கு வந்தார். சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு கண்காட்சிச் சண்டை போட்டார். பார்த்தவர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். சிரித்துக்கொண்டே கை வீசிய அந்த மனிதர் அதே வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி லாரி ஹோம்ஸ் முன்னால் போய் நின்றார். அடி, அடி, அடி. பத்துச் சுற்றுக்கு மேல் அவரை மூலையிலிருந்தவர்கள் எழவிடவில்லை. அப்போதும் அடங்காமல் 1981 டிசம்பரில் இன்னொன்று, அதிலும் தோல்வி. 1984-இல் பார்க்கின்ஸன் நோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அந்தக் கடைசி இரண்டு சண்டைகளும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சென்னையில் பார்த்தவர்கள் அந்தச் சிரிப்போடு அவரை அனுப்பிவைத்ததையும், எட்டு ஒன்பது மாசத்தில் அவர் எங்கே போய் நின்றார் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்கிறபோது, எழுந்திரு, எழுந்திரு என்று கத்துகிற கதைகளின் மேல் எனக்குப் பயம் வருகிறது.

நம் வாலிபரின் கதாநாயகன் ராணுவத்து ஹெவி வெயிட். அவருக்கு நிஜத்தில் ஒரு மூத்தவர் உண்டு: பஞ்சாபைச் சேர்ந்த கௌர் சிங். ராணுவத்தில் சேர்ந்தவர். 1980 ஜனவரியில் டில்லியில் அலியோடு நாலு சுற்றுக் கண்காட்சிச் சண்டை போட்டவர். 1982-இல் டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஹெவி வெயிட் தங்கம் வாங்கினார். அர்ஜுனா விருது, பத்மஸ்ரீ எல்லாம் வந்தன. 1984 ஒலிம்பிக்குக்குப் பிறகு கையுறையைக் கழற்றினார். அவருடைய சறுக்கல் மேடையில் நேரவில்லை. மேடையை விட்டு இறங்கி முப்பது வருஷம் கழிந்தபின், இருதயம் கெட்டு, வைத்தியத்துக்குக் கடன்பட்டார் என்று பத்திரிகையில் படித்தோம். பிறகு உதவிகள் வந்தன. 2023-இல் காலமானார். நம் தேசத்துப் பயில்வானின் எதிரி மேடையில் எதிர்மூலையில் நிற்பதில்லை. கையுறையைக் கழற்றுகிற வரையில் காத்திருக்கிறான். டில்லித் தங்கத்தோடு கதையை முடிக்கிறவன் இந்த எதிரியைப் பார்க்காமலே எழுந்து போய்விடுகிறான்.

எங்கள் கோயமுத்தூரில் சாண்டோ சின்னப்பா தேவர் உடற்பயிற்சியில் பேர் வாங்கியவர். உடம்பை நம்பியே காலம் தள்ளாமல் 1956-இல் படம் எடுக்க இறங்கினார். அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ, சமயத்தில் தறியை மாற்றத் தெரிந்திருந்தது. எல்லாருக்கும் அப்படி வாய்க்காது.

இவ்வளவையும் ஒரு நாள் சாயங்காலம் குளக்கரையில் நடந்துகொண்டே வாலிபரிடம் சொன்னேன். அவர் அதிகம் பேசவில்லை. கையெழுத்துப் பிரதியை வாங்கிக்கொண்டு போனார். நாலைந்து மாசம் ஆளையே காணோம். கோபித்துக்கொண்டுவிட்டார், போகட்டும், நாவலாசிரியர்களில் ஒருவர் குறைந்தால் நாட்டுக்கு நஷ்டமில்லை என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

போன வாரம் வந்தார். அந்த நாற்பது பக்கம் இல்லை. அதற்குப் பதிலாக நூற்றுப்பத்துப் பக்கம் எழுதியிருந்தார். முதல் அறுபது பக்கத்தில் கதாநாயகன் ஒரு சண்டைகூடப் போடவில்லை. மூச்சு வாங்குகிறது, முழங்கால் வலிக்கிறது, பழைய வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டு ஆளை விடு என்கிறார். தன்னை ஜெயித்தவனுக்குப் பயிற்சி கொடுத்தவரைத் தேடி ரயிலேறுகிறான். அதற்கப்புறம் பொள்ளாச்சியில், ஒரு பொருட்காட்சி மைதானத்தின் கோடியில், சின்னதாக ஒரு சண்டை. பார்க்க நாற்பது பேர். அதில் பாதிப்பேர் ராட்டினத்துக்கு டிக்கட் கிடைக்காமல் வந்தவர்கள். எதிரி ஒரு லாரி கிளீனர். அந்த இடத்தில் பக்கம் நின்றிருந்தது.

“மேல எழுத வரலீங்களா?” என்று கேட்டேன்.

“அதில்லீங்க ஐயா. இந்தச் சண்டையில அவன் ஜெயிக்கட்டுமா, தோக்கட்டுமான்னு தெரியலீங்க. ரெண்டும் நாயமாப் படுதுங்க.”

அந்தப் பக்கங்களை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். இரண்டு தடவை படித்தாகிவிட்டது. அந்த லாரி கிளீனரின் வலது கையை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.